காபி கொண்டுவரும் முதலாளி

திருச்சூர் இந்தியன் காபி ஹவுஸில் மசால் தோசை கேட்டால், உள்ளே மசாலா பீட்ரூட் சேர்ந்து செக்கச்செவேலென்று இருக்கும். கொண்டுவந்து வைப்பவர் தலையில் விசிறி மடிப்புத் தலைப்பாகை. கடை தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். அதாவது, நமக்குப் பரிமாறுகிறவர்களே முதலாளிகள்.

இதுதான் சோஷலிசமா? கேட்டால் ஒரே சண்டையாகிவிடும். நிலமும் ஆலையும் சிலருடைய லாபத்துக்கென்று இருக்கக் கூடாது, பொதுவுக்கு வரவேண்டும் என்பதில் பழைய சோஷலிஸ்டுகளுக்குள் பெரிய தகராறு இல்லை. அந்தப் ‘பொது’ யார் என்பதில்தான் பிரிந்தார்கள்.

ராபர்ட் ஓவன் தானே ஒரு மில் முதலாளி. 1825இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நியூ ஹார்மனி என்ற ஊரையே விலைக்கு வாங்கி, எல்லோரும் கூடி உழைத்து வாழ ஏற்பாடு செய்தார். மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. மார்க்ஸும் எங்கெல்ஸும் இந்த வகையைக் கற்பனாவாதம் என்று ஒதுக்கினார்கள். தொழிலாளி வர்க்கம் அரசதிகாரத்தைப் பிடிக்காமல் எதுவும் மாறாது என்பது அவர்கள் கட்சி. பிடித்த கையோடு அந்த அரசே புது எஜமானாகிவிடும் என்றார் ரஷ்ய அராஜகவாதி பக்கூனின். 1872இல் ஹேக் மாநாட்டில் அவரைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான அகிலத்திலிருந்து நீக்கினார்கள். பிற்பாடு ஸ்டாலின் காலத்தைப் பார்த்தவர்களுக்கு பக்கூனின் ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் அரசே இல்லாமல் ரயிலை யார் ஓட்டுவது என்று கேட்டால், அவரிடமும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் 1884இல் தொடங்கிய ஃபேபியன் சங்கத்துக்கு அவசரமே கிடையாது. நேருக்கு நேர் மோதாமல் எதிரியைக் களைக்கவைத்த ரோமானியத் தளபதி ஃபேபியஸின் பெயரை வைத்துக்கொண்டவர்கள். ஓட்டு, சட்டம், நகராட்சி என்று மெள்ள மெள்ளப் போகலாம் என்றார்கள்.

நேருவிடம் அந்தச் சாயல் உண்டு. 1955 ஜனவரியில், நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு ‘சோஷலிசப் பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. சோஷலிசம் என்றே சொல்லிவிடாமல் ‘பாணி’ என்று ஒரு ஒட்டு!

இந்தியன் காபி ஹவுஸ்கள் அப்போது மத்திய அரசின் காபி வாரியத்துடையவை. ஆவடித் தீர்மானத்தின் மை உலர்ந்த கொஞ்ச காலத்திலேயே வாரியம் கடைகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. வேலையிழந்தவர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சங்கமாகத் திரட்டினார். 1958இல் திருச்சூரில் கடையைத் திறந்தார்கள், அதே தலைப்பாகையோடு.