‘வொங்கி’யின் உறவுகள்

சென்ற தவணை விடுமுறையில் உம்மம்மாவை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. கார்ட்டூனில் கேட்டுப் பழகிய சொல் வாயில் வந்தது: “உம்மம்மா வொங்கி.” அவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: “கை நடுங்குகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறாரா?” இரண்டும் ஒன்றல்லவே! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். ‘வொங்கி’ பிரித்தானியரின் பேச்சுவழக்குச் சொல். கால் சமனில்லாத மேசை, சரிந்து தொங்கும் படம், ஒழுங்காக வேலை செய்யாத இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதனால்தான் நோயைச் சொல்ல அது உதவவில்லை.

அதன் உறவுச் சொற்களுக்குத் தனித்தனி இடம் உண்டு. ஆடும் பாற்பல்லும் தட்டில் குலுங்கும் ஜெலியும் ‘வொப்ளி’. உடைந்துவிடுமோ என்று பயந்து உட்காரும் பழைய கதிரை ‘ரிக்கெட்டி’. நடுங்கும் கையும் தழுதழுக்கும் குரலும் ‘ஷேக்கி’. அரைகுறை ஆங்கிலமும் ‘ஷேக்கி’தான்! தள்ளாடும் நடை ‘அன்ஸ்டெடி’. இதைக் கட்டுரையிலும் கடிதத்திலும் தயங்காமல் எழுதலாம்.

தமிழிலும் அப்படித்தானே? பல் ஆடும், தள்ளாடாது. நடை தள்ளாடும், தழுதழுக்காது. ஆகவே தோழியரே, ஒத்தகருத்துச் சொற்களை வெறும் பட்டியலாக மனனம் செய்யாதீர்கள். எந்தச் சொல் எதனோடு சேரும் என்று பாருங்கள்.

அடுத்த முறை வைத்தியரிடம் ‘அன்ஸ்டெடி’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. உம்மம்மாவை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார்.