தலைமைக்குச் செவி வேண்டும்



ஒரு நிறுவனம் நலிவடையத் தொடங்கும்போது அந்நலிவை முதலில் அறிபவர் யார்? முதலாளி என்பர் சிலர்; கணக்கர் என்பர் வேறு சிலர். உண்மையில் அதனை முதலில் அறிபவர் அங்கே நாள்தோறும் வேலை செய்பவரே. அறிந்தும் சொல்ல அஞ்சி, துணிந்து சொன்னாலும் கேட்பாரின்றி, அவர் உள்ளத்தில் தேங்கிவிடும் கசப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் வாழும் ஊத்துக்குளியிலும் அண்டையிலுள்ள திருப்பூரிலும் பின்னலாடைத் தொழிலே பல்லாயிரவர்க்குச் சோறிடுகிறது. வட்டமாகச் சுழலும் பெரிய பின்னல் எந்திரம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் உண்டு. அவற்றுள் ஒன்று முறிந்தால் துணி நெடுகக் கோடு விழும். அருகில் நிற்பவர் கண்டவுடன் எந்திரத்தை நிறுத்திச் சொன்னால் சேதம் சில முழத்தோடு போகும். 'நிறுத்தினால் ஏச்சு விழுமே' என்று அஞ்சி அவர் வாளாவிருந்தால், அக்குறை சாயப்பட்டறைக்கும், வெட்டு மேசைக்கும், தையலுக்கும் சென்று, கடல் கடந்த வணிகர் கையில் போய் வெளிப்படும். ஊசியின் விலை சிறிது. சொல்லப்படாத செய்தியின் விலை பெரிது.

இந்த உண்மை உலகப் பெருநிறுவனங்களுக்கும் பொருந்தும். அதற்குச் சான்றாக, நம் தமிழ்நாட்டையும் தொட்டுச் சென்ற ஒரு வரலாற்றைக் கூறுகிறேன். பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 1865-ஆம் ஆண்டில் மரக்கூழ் ஆலையாகத் தோன்றியது. பிற்காலத்தில் ரப்பர் காலணி, மின்கம்பி, தொலைத்தொடர்புக் கருவி என அதன் தொழில்கள் பல்கின. 1998 முதல் ஏறத்தாழ 14 ஆண்டுகள் கைபேசித் தொழிலில் அதுவே உலகின் முதல்வன். உலகில் விற்பனையான பத்துக் கைபேசிகளுள் நான்கு அதனுடையவை என்ற காலமும் இருந்தது. 2006-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வந்த பல்லாயிரம் இளைஞர், அவர்களுள்ளும் பெண்களே மிகுதியாக, அங்கே வேலை பெற்றனர்.

2007-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனும், அடுத்த ஆண்டில் ஆண்ட்ராய்டு கைபேசியும் சந்தைக்கு வந்தன. நோக்கியாவின் சரிவு அப்போது தொடங்கியது. அறிவின்மையால் வந்த சரிவு அன்று அது. தொடுதிரை கொண்ட கைபேசியை நோக்கியா 2004-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது. தேர்ந்த பொறியாளர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தனர். அப்படியாயின் குறை எங்கே இருந்தது?

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் டிமோ வூரி, குய் ஹுய் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள். நோக்கியாவின் உயர்நிலை மேலாளர்கள், இடைநிலை மேலாளர்கள், பொறியாளர்கள் முதலிய 76 பேரிடம் கேட்டறிந்து, அவர்கள் தம் ஆய்வை 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் கண்ட காரணம் அச்சம். மேலிருந்தோர் போட்டியாளருக்கும் பங்குதாரருக்கும் அஞ்சினர். இடையில் இருந்தோர் மேலிருந்தோருக்கு அஞ்சினர். சிம்பியன் என்னும் தம் பழைய இயங்குதளம் புதிய காலத்துக்கு ஈடுகொடுக்காது என்பதைக் கீழே உள்ளவர் அறிந்திருந்தனர். ஆனால் தாமதத்தையும் குறைபாட்டையும் எடுத்துரைத்தவர் ஊக்கமற்றவர் எனக் கருதப்படுவர் என்ற எண்ணம் பரவியிருந்தது. ஆகவே கெட்ட செய்தி மேலே ஏற ஏற இனிப்பாயிற்று. மேலே இருந்தோர்க்கோ, வந்த செய்தியை எடைபோட வேண்டிய தொழில்நுட்ப அறிவு போதவில்லை. நிறைவேற்ற முடியாத கெடுவை மேலோர் விதித்தனர். முடியும் என்று கீழோர் தலையசைத்தனர்.

வலுவற்ற தலைமை என்றவுடன், குரல் தாழ்ந்த, அதிகாரம் செலுத்தத் தெரியாத ஒருவரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். அது தவறு. மேசையைத் தட்டிப் பேசும் தலைவரும் வலுவற்றவராக இருக்கலாம். நான் இளம் ஆசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், மாதத் தேர்வில் பின்தங்கிய மாணவர் பட்டியலைக் கொண்டுசென்றால், தலைமையாசிரியர் பட்டியலைப் பாராமல் ஆசிரியரையே கடிந்துகொள்வார். சில மாதங்களில் அப்பட்டியல்கள் அழகாகச் சுருங்கிப் போயின. பின்தங்கிய மாணவர்களின் தொகை மட்டும் சுருங்கவில்லை. கசப்பான செய்தியைத் தாங்க மாட்டாமைதான் தலைமையின் உண்மையான வலுவின்மை.

2010-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஈலோப் என்பவர் நோக்கியாவின் தலைமையை ஏற்றார். 2011 பிப்ரவரியில், எரிகின்ற எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்பவனுக்கு நம் நிறுவனத்தை ஒப்பிட்டு அவர் ஊழியர்களுக்கு மடல் எழுதினார். உண்மை இறுதியில் பேசப்பட்டது. ஆனால் பேசப்பட்ட முறை வேறு துன்பத்தை விளைத்தது. சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாப்டின் இயங்குதளத்தை ஏற்கப்போவதாக அதே மாதம் அறிவித்தார். புதிய கைபேசியோ ஆண்டின் இறுதியில்தான் வெளிவந்தது. கைவிடப்படும் பொருளை யார் வாங்குவர்? அறிவிப்பு வந்த நாளில் தாம்பெரே நகர அலுவலகத்தில் ஊழியர் பலர் வேலையை விட்டு வெளியே நடந்தனர். பல ஆண்டுகள் உழைத்து அவர்கள் உருவாக்கிய மீகோ என்னும் தளத்தில் இயங்கிய என்9 கைபேசி, அவ்வாண்டே வெளிவந்து பாராட்டும் பெற்றது. ஆனால் நிறுவனம் அத்தளத்தை முன்னரே ஒதுக்கிவிட்டது. வெண்ணெய்க்குப் பேர்பெற்ற ஊரில் வாழும் நான், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பதை வேறு எவ்வாறு விளக்குவேன்!

2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாப்டுக்குக் கைமாறியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. வரி வழக்கினால் அதன் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் அங்கே உற்பத்தி நின்றது. ஆலை மூடப்பட்டதற்கு வரி வழக்கும் ஒரு காரணம். அதனை மறைத்தல் நேர்மையன்று. எனினும் சந்தையில் தலைநிமிர்ந்து நின்ற நிறுவனமாயின், அந்த ஆலையை அவ்வளவு எளிதில் விட்டுச் சென்றிருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். சிம்பியன் என்ற பெயரையும் கேட்டறியாத நம் பெண்கள், தொலைவில் ஒரு கூட்ட அறையில் நிலவிய மௌனத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தனர். பின்னர் 2019-ஆம் ஆண்டில் சால்காம்ப் என்னும் நிறுவனம் அவ்வாலையை ஏற்க முன்வந்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிட்டியது. வேலையிழந்து வீடு திரும்பியவர்களுக்கு அவ்வாண்டுகள் திரும்பக் கிட்டவில்லை.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? திருவள்ளுவர் இரு புறமும் கடமை வைத்தார். செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்வது அரசனுக்குப் பண்பு என்றார். அரசன் அறியாமை உடையவனாயினும் உறுதியானதை எடுத்துரைப்பது அமைச்சனுக்குக் கடன் என்றார். ஆனால் இரு கடமைகளும் ஒரே எடை உடையனவல்ல என்பது என் கருத்து. கீழிருப்பவர் பேசினால் வேலையை இழக்கலாம். மேலிருப்பவர் கேட்டால் தம் பெருமையில் சிறிதை மட்டுமே இழப்பார். ஆதலால் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் மேலிருப்பவரே.

நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தில் சேர்வீர்கள். குறை கண்டால், புலம்பலாகச் சொல்லாமல், எங்கே, எப்போது, எவ்வளவு என்று சான்றோடு சொல்லப் பழகுங்கள். சில ஆண்டுகளில் உங்களுக்குக் கீழும் பத்துப்பேர் பணிபுரிவர். அவர்களுள் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கெட்ட செய்தியோடு வந்து நிற்பார். அப்போது அவரை இருக்கச் செய்து, முழுவதும் கேட்டு, செய்திக்கு நன்றி கூறி அனுப்புங்கள். அடுத்த செய்தி உரிய காலத்தில் உங்களை வந்தடையும்.