கல்லூரிக் கல்விக்குப் பள்ளியிலேயே ஆயத்தம்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே பெற்றோர் தம் மக்களை அழைத்துக்கொண்டு கல்லூரிகளை நாடி வருகின்றனர். இந்த மதிப்பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதே அவர்தம் முதல் வினா. சேர்க்கைக்கு அமர்ந்திருக்கும் நாமோ மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் பாடங்களின் பெயரைப் பார்க்கிறோம். பாடம் பொருந்தாவிடின் எத்துணை உயர்ந்த மதிப்பெண்ணும் பயன் தருவதில்லை. அப்பாடங்களைத் தெரிவு செய்ததோ ஈராண்டுகளுக்கு முன்பு, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அந்த ஒரு நாளில்.

வழக்கில் 'முதல் குரூப்' எனப்படும் பிரிவில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியலும் அமைந்திருப்பின் பொறியியல், மருத்துவம், வேளாண்மை ஆகிய மூன்றுக்கும் வழியுண்டு. உயிரியலுக்கு மாற்றாகக் கணினி அறிவியலைக் கொண்டால் மருத்துவத்திற்கு வழியில்லை. தாவரவியல், விலங்கியல் கொண்ட பிரிவில் கணிதம் இன்மையால் பொறியியல் தரவரிசையில் இடம் இராது. இவ்வளவும் உண்மையே. எனினும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர் முதல் பிரிவுக்கும், எஞ்சியோர் வணிகவியலுக்கும் உரியவர் என்னும் எண்ணம் தவறானது. கணக்கைக் கண்டாலே அஞ்சும் பிள்ளையை ஊரார் பெருமைக்காக முதல் பிரிவில் சேர்த்து, ஈராண்டு அல்லற்படுத்தி, இறுதியில் இளங்கலைத் தமிழுக்கு அழைத்து வரும் பெற்றோரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தமிழ் பயில வருவோரை வரவேற்கிறோம். அவர்கள் தோற்ற மனத்துடன் வருவதே வருத்தம் தருகிறது.

மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையையும் முன்னரே அறிதல் நலம். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குத் தரவரிசை அமைகிறது. மருத்துவத்திற்கோ 2017 முதல் நீட் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. இவற்றைக் கண்டு, தமிழும் ஆங்கிலமும் தேர்ச்சி பெற்றாற் போதும் என ஒதுக்குவோர் உளர். அரசு கலைக் கல்லூரிகளில் ஏனைய பட்டப் படிப்புகளுக்கு முதன்மைப் பாடங்கள் நான்கின் 400 மதிப்பெண் கொள்ளப்பெற, இளங்கலைத் தமிழுக்குத் தமிழ்த்தாளின் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கிலத்தாளின் மதிப்பெண்ணுமே கொள்ளப்பெறுகின்றன. ஒதுக்கிய தாளே வாயிற்கதவாகி நிற்கும் நிலை இது.

இனிச் சான்றிதழ்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளைக் கலந்தாய்வு நெருங்கியபின் தேடுவோர் இ-சேவை மையங்களில் அலைகின்றனர். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. லெப்பை, தக்கணி, மாப்பிள்ளா, துதேகுலா, அன்சார், ஷேக், சையத் எனப் பட்டியலிலுள்ள பிரிவினருக்கே அது உரியது. இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையில் அடங்குவர். எனவே சான்றிதழில் பிரிவு சரியாகக் குறிக்கப்பெற்றுள்ளதா என ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெயரும் அவ்வாறே. பள்ளிப் பதிவேட்டில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', வங்கிக் கணக்கில் 'முகம்மத்' என ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர்கள்! உதவித்தொகை வரும் காலத்தில் ஆங்கில எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் தொல்லையே. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயரே பின்னர் எங்கும் தொடருமாதலின், பெயர்ப்பட்டியல் அனுப்பப்பெறும் முன் தலைப்பெழுத்தையும் பிறந்த நாளையும் தந்தையார் நேரிற் சென்று சரிபார்த்தல் வேண்டும்.

எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு உரியது. வென்றோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இதனினும் முற்பட்டது ஒன்றுண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பெற்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் அதற்குரிய தகுதி. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் தொடர்ந்தோர்க்கும் விலக்குண்டு. ஆங்கில மோகத்தால் இடையில் ஈராண்டு கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் சேர்த்து, மீண்டும் அரசுப் பள்ளிக்கே அழைத்து வந்த பெற்றோர், அந்த ஈராண்டுக்கு ஈடாக இழந்தது இவ்வொதுக்கீட்டை.