உங்களுக்குத் தெரியுமா? கிறிஸ்துவின் பெயரே வராத கிறிஸ்தவர் காவியம்

கடவுளை அடிக்கடி போற்றும் ‘பேவுல்ஃப்’ காவியத்தின் 3,182 அடிகளில் ஓரிடத்தில்கூட இயேசு கிறிஸ்துவின் பெயர் இல்லை! பழைய ஆங்கிலத்தில் இதைப் பாடியவர் கிறிஸ்தவர். கதைமாந்தர்களோ டென்மார்க், தெற்கு ஸ்வீடன் பகுதிகளில் பழைய தெய்வங்களை வணங்கியவர்கள்.

• இரவில் டேனியர்களின் மண்டபத்துக்குள் புகுந்து வீரர்களைத் தின்னும் அரக்கன் கிரெண்டல், பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம். கிரெண்டலிடமிருந்து காக்கும்படி டேனியர்கள் வேண்டுவது தங்கள் பழைய தெய்வங்களிடம்தான்.

• ஆயுதம் ஏந்தாத கிரெண்டலோடு வெறுங்கையாலேயே மோதுகிறான் காவிய நாயகன் பேவுல்ஃப். என்ன ஒரு வீர நியாயம்! பிய்த்தெடுத்த கிரெண்டலின் கை, வெற்றிச் சின்னமாகக் கூரையடியில் வைக்கப்படுகிறது.

• கிரெண்டலின் தாயை வீழ்த்துவது, நீருக்கடியில் அகப்பட்ட அரக்கர் காலத்து வாள். காவியத்தின் மிக அழகான இடம் அடுத்து வருகிறது: கொதிக்கும் ரத்தம் பட்டு வாளின் அலகு பனிக்கட்டிபோல் உருகிப்போகிறது, மிஞ்சுவது தங்கப் பிடி மட்டும். அரக்கர் குலத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தின் கதை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

• பின்னர் அரசனாகி, 50 ஆண்டு ஆட்சிக்குப் பிறகு டிராகனோடு பொருது பேவுல்ஃப் மடிகிறான். கூட வந்தவர்களில் துணைநின்றவன் விக்லாஃப் ஒருவனே. உடலைச் சிதையேற்றி எரிக்கிறார்கள்.

• இந்தக் காவியத்துக்கு நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731 தீவிபத்தில் அதன் ஓரங்கள் கருகின. இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.