தலைகளை ஏற்றிச் சென்ற கார்!

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். 1926, 1927-ம் ஆண்டுகளில் அந்த நகரத் தெருக்களில் ஒரு கார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. அதில் இருந்தவை என்ன தெரியுமா? மனிதத் தலைகள்!

கொலைகாரனின் கார் அல்ல. எகாஸ் மோனிஸ் என்ற டாக்டரின் வேலை அது. இறந்தவர்களின் தலைகளை எடுத்துச் சென்று, ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி, எக்ஸ்ரே படம் பிடித்தார். வழியில் விபத்து நடந்து தலைகள் ரோட்டில் உருண்டால் என்ன செய்வது என்று அவருக்கு ஒரே பயம்!

ஏன் இந்த வேலை? எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். மூளை தெரியாது. மூளையில் கட்டி இருந்தால், பக்கத்தில் உள்ள ரத்தக் குழாய்கள் இடம் மாறி வளைந்துவிடும். அந்தக் குழாய்களைப் பார்க்க முடிந்தால், கட்டி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். இதுதான் அவர் போட்ட கணக்கு.

ஒரு உயிர் போயிற்று

பிறகு உயிருள்ள நோயாளிகளிடம் சோதித்தார். மோனிசின் கைகள் கீல்வாதத்தால் முடங்கி இருந்தன. ஆகவே அல்மெய்டா லிமா என்ற இளம் டாக்டர் ஊசி போட்டார். முதலில் பயன்படுத்தியது ஸ்ட்ரான்சியம் புரோமைடு. அதில் ஒரு நோயாளி இறந்துபோனார். மோனிஸ் மனம் ஒடிந்தார். ஆனாலும் மருந்தை மாற்றி மறுபடி முயன்றார்.

1927 ஜூன் 28-ந் தேதி படம் விழுந்தது. மூளையின் தமனிகள், அதாவது இதயத்தில் இருந்து ரத்தம் கொண்டு வரும் குழாய்கள், மரக்கிளை போலத் தெரிந்தன!

ஆனால், ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் அந்தப் படத்தில் அகப்படவில்லை. (கையில் நீலமாகத் தெரிவதை "நரம்பு" என்கிறோமே, அது நரம்பு அல்ல, சிரைதான்.) மருந்து சிரைக்கு வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். ஒரே படம் எடுத்தால் தவறிவிடும். ஆகவே மோனிசின் குழுவினர் விநாடிக்கு ஒன்றாகத் தொடர்ந்து படம் எடுக்கும் கருவி செய்தார்கள். பிந்திய படங்களில் சிரைகள் வந்தன.

திராட்சை ஆலை

பிணத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழாய்கள் பழைய சங்கதி. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு, எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் ஹெரோபிலஸ் என்ற வைத்தியர் இருந்தார். பின் தலையில் பெரிய சிரைகள் வந்து கூடும் இடத்துக்கு இன்றும் "ஹெரோபிலசின் திராட்சை ஆலை" என்றுதான் பெயர்!

இறந்தவர் உடலில் சிரை வெறும் பையாகச் சுருங்கிக் கிடக்கும். மூளையை வெளியே எடுத்தால், மேல் உறையோடு அதை இணைக்கும் மெல்லிய சிரைகள் அறுந்துபோகும். அதனால் சிரைக்குள் நீலச் சாயம் கலந்த ரப்பர் பாலை ஏற்றி, இறுகிய பிறகு பொறுமையாக அறுப்பார்கள். குழாயின் சுவர், அதன் பக்கத்தில் உள்ள பொருள் எல்லாம் கைக்குத் தட்டுப்படும். படத்தில் இது கிடைக்காது. ஓடும் ரத்தமோ பிணத்தில் கிடைக்காது.

இரண்டும் தெரியாவிட்டால் ஆபத்து! தலையின் இரு பக்கமும் ரத்தத்தை இறக்கும் பெரிய வடிகால்கள் உண்டு. பலருக்கு ஒன்று பெரிதாகவும் மற்றது ஒல்லியாகவும் இருக்கும். பிறவியிலேயே அப்படி. படத்தை மட்டும் பார்ப்பவர், "ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது" என்று ஏமாறக்கூடும்.

தாய்மார்கள் கவனிக்க

நிஜமாகவே அடைப்பதும் உண்டு. பிள்ளை பெற்ற சில வாரங்களில் பெண்களுக்கு இது வரலாம். விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் விழுதல் ஆகியவை அறிகுறிகள். "பிரசவ அலுப்பு" என்றோ, "காற்று சேஷ்டை" என்றோ வீட்டில் நாள் கடத்திவிடுகிறார்கள். பிரசவித்தவளுக்குத் தண்ணீர் தரக் கூடாது என்று சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே, அது இன்னும் கெடுதல். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் எளிதில் உறையும்.

இப்போது எம்.ஆர்.ஐ. கருவியில் கத்தி வைக்காமலே மூளையின் சிரைகளைப் பார்த்துவிடலாம். அடைப்பு தெரிந்தால், ரத்தம் மேலும் உறையாமல் தடுக்க ஹெப்பாரின் மருந்து கொடுக்கிறார்கள். காலாகாலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த தாய்மார்களில் பெரும்பாலோர் குணமாகிக் குழந்தையுடன் வீடு திரும்புகிறார்கள்.