மூலமும் உரையும்

கணினிக் கல்வியில் திறமூல மென்பொருளுக்கு இடம் தரவேண்டும் என்று வாதிடுவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துவைப்பது பணக் கணக்கு. உரிமத் தொகை கட்டவேண்டியதில்லை, மிச்சமாகும் பணத்தில் ஆய்வுக்கூடத்துக்கு இன்னும் சில கணினிகள் வாங்கலாம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆயினும் சிக்கனம் ஒன்றே நியாயமென்றால், ஒரு வியாபார ஸ்தாபனம் தன் மென்பொருளைக் கல்லூரிகளுக்கு இனாமாகத் தர முன்வந்த மாத்திரத்தில் அந்த நியாயம் கரைந்துபோகும். அவ்வாறு தருவதற்கு ஸ்தாபனங்கள் எப்போதும் சித்தமாகவே இருக்கின்றன. ஆதலால் காசைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மூலநிரல் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால் மாணாக்கனுக்கு என்ன லாபம், மறைக்கப்பட்டிருப்பதால் என்ன நஷ்டம் என்று விசாரிப்பதே தக்கது. இந்த விசாரணைக்கு உதவும் சரித்திரம் ஒன்று உண்டு. அது சிட்னி நகரத்து வகுப்பறை ஒன்றில் தொடங்குகிறது.

அதற்குச் சிறிது முன்கதை வேண்டும். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. என்னும் தொலைபேசி ஸ்தாபனத்தைச் சேர்ந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 முதல் உருவாக்கிவந்த இயங்குதளத்துக்கு யூனிக்ஸ் என்று பெயர். அரசாங்கத்துடன் 1956-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்படிக்கையின்படி அந்த ஸ்தாபனம் தொலைபேசித் தொழிலைத் தவிர வேறு வியாபாரங்களில் இறங்கக்கூடாதென்ற தடை இருந்தமையால், யூனிக்ஸை ஒரு சரக்காகச் சந்தையில் விற்க அதனால் இயலவில்லை. கேட்ட சர்வகலாசாலைகளுக்கு, சொற்பத் தொகை பெற்றுக்கொண்டு, பழுது பார்க்கும் பொறுப்பு எதையும் ஏற்காமல், மூலநிரலோடு சேர்த்தே அனுப்பிவந்தது. தாராள மனத்தால் விளைந்த நன்மையன்று இது. சட்ட நிர்ப்பந்தத்தால் வாய்த்தது.

தாம்ப்ஸனும் ரிட்சியும் யூனிக்ஸைப் பற்றி 1974 ஜூலையில் ஒரு சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையைப் படித்துவிட்டு, ஒரு பிரதி கேட்டு வாங்கிய சர்வகலாசாலைகளுள் சிட்னி நகரத்து நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையும் ஒன்று; அங்கே ஜான் லயன்ஸ் ஆசிரியராக இருந்தார். வந்துசேர்ந்த மூலத்தைப் புரட்டிப் பார்த்த அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இயங்குதளங்களைப் பற்றி வகுப்பில் பொதுப்படப் பேசிக்கொண்டிருப்பதைவிட, இயங்குதளம் ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் மாணாக்கர்களை வாசிக்கவைத்தால் என்ன? 1976-இல் அவர் இரண்டு புத்தகங்களைத் தயாரித்தார். ஒன்றில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப் பகுதியான கெர்னல், ஏறத்தாழ 9,000 வரிகள், ஒவ்வொரு வரிக்கும் எண் இடப்பட்டு, வாசிப்பதற்கு வசதியான வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. மற்றொன்றில் அந்த வரிகளுக்கான வியாக்கியானம். நம் தேசத்தில் இலக்கணமோ காவியமோ முறையாகப் பாடங்கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு, சூத்திர எண்ணைச் சுட்டி உரையைப் படித்து, உரையாசிரியர் ஐயப்பட்ட இடத்தில் தானும் நின்று யோசித்துப் பாடங்கேட்ட முறையே அது. 9,000 வரி என்னும் அளவையும் கவனிக்கவேண்டும். ஒரு மனிதன் ஒரு பருவத்துக்குள் முழுவதும் வாசித்து, ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் உள்ள சம்பந்தத்தை மனத்தில் இருத்திக்கொள்ளக்கூடிய எல்லைக்குள் அது அடங்கியிருந்தது.

அந்த மூலத்தில் ஓரிடம் கணினி உலகில் பிரசித்தமானது. ஒரே செயலியை வைத்துக்கொண்டு, பல நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன என்னும் தோற்றத்தை இயங்குதளம் உண்டாக்கவேண்டியிருக்கிறது. அதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நிலையை, அதாவது செயலியின் பதிவகங்களில் அந்தக் கணத்தில் இருக்கும் எண்களையும் அடுக்கின் முனை நிற்கும் இடத்தையும், பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, முன்னொரு சமயம் நிறுத்திவைத்த வேறொரு நிரலின் நிலையைத் திரும்ப ஏற்றி, அது விட்ட இடத்திலிருந்து ஓடச்செய்ய வேண்டும். ஆகவே இவ்வேலையைச் செய்யும் செயற்கூறில் ஒரு விசித்திரம் இருக்கிறது: உள்ளே நுழைவது ஒரு நிரல், வெளியே வருவது வேறொன்று. ஆறாம் பதிப்பில் இந்த இடத்தருகே, இது உங்களுக்கு விளங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அது அகங்காரத்தால் எழுதியதன்று, பரீட்சையில் இது வராது என்று ஆசிரியர் சொல்வதுபோன்ற தொனியில் எழுதியதே என்று ரிட்சி பின்னாளில் விளக்கியதோடு, உண்மையில் அவ்விடத்தில் என்ன நடக்கிறது என்பது தங்களுக்கே விளங்கியிருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்துப் பிடிபி-11 கணினியின் கம்பைலர், எல்லாச் செயற்கூறுகளின் நிலையையும் ஒரே விதமாகச் சேமித்துவந்தமையால் அந்த யுக்தி பலித்துக்கொண்டிருந்தது. வேறொரு கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுபோனபோது அதன் அஸ்திவாரக் குறை வெளிப்பட்டது.

நல்ல பாடப்புத்தகம் எதிலும் இந்தச் சம்பவத்துக்கு இடம் கிடைக்காது. பாடப்புத்தகம் முடிந்த முடிவைச் சொல்லும். கட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு, எல்லாம் ஐயத்துக்கு இடமின்றி நடப்பதாகக் காட்டும். பெரிய நிபுணர்களும் அரைகுறையாக அறிந்த இடத்தில் ஒரு யுக்தியை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்பதையும், அந்த யுக்தி எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது என்பதையும் மூலத்தை வாசிக்கிறவனே அறிவான்.

யூனிக்ஸின் வியாபார மதிப்பை உணர்ந்த ஸ்தாபனம், 1979-இல் ஏழாம் பதிப்பை வெளியிட்டபோது, மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக்கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை விதித்தது. லயன்ஸின் உரையும் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே என்றாயிற்று. ஆனால் அதன் ஜெராக்ஸ் பிரதிகளும், பிரதிக்குப் பிரதி எடுத்து எழுத்து மங்கிய பிரதிகளும் பல நாடுகளில் கைமாறிக்கொண்டே இருந்தன. அரசியலும் இல்லாத, சிருங்காரமும் இல்லாத ஒரு பாடப்புத்தகம் இவ்வாறு மறைவாக உலவ நேர்ந்தது ஒரு வேடிக்கைதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை வேறு கைகளுக்கு மாறி, அனுமதி கிடைத்து, 1996-இல் அது பகிரங்கமாக அச்சேறியது. 1998-இல் லயன்ஸ் காலமானார்.

அந்த நிபந்தனையால் பாதிக்கப்பட்ட ஆசிரியர்களுள் ஒருவர், ஆம்ஸ்டர்டாம் நகரத்து வ்ரியே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆண்ட்ரூ டானன்பாம். படிக்கக் கொடுக்க மூலம் இல்லையென்றால் நாமே ஒன்றை எழுதிவிடுவோம் என்று அவர் துணிந்தார். யூனிக்ஸின் ஒரு வரியையும் எடுத்தாளாமல், வெளிநடத்தையில் மட்டும் அதை ஒத்திருக்கும்படி மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தை இயற்றி, அதன் மூலநிரலையும் அச்சிட்டுச் சேர்த்த பாடநூலை 1987-இல் வெளியிட்டார். வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய ஐபிஎம் பிசியில் அது ஓடியது. மேலும் மேலும் வசதிகளைச் சேர்க்கும்படி பலரும் அவரை நெருக்கினார்கள். ஒரு பருவத்துக்குள் படித்து முடிக்கக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்று அவர் மறுத்துவந்தார். உபாத்தியாயர் என்ற முறையில் அந்தப் பிடிவாதம் முற்றிலும் நியாயமானதென்பது என் அபிப்பிராயம். ஆனால் மினிக்ஸ் இனாமும் அன்று, யாரும் திருத்தி விநியோகிக்கக்கூடியதும் அன்று; பதிப்பாளரிடம் விலைகொடுத்தே வாங்கவேண்டியிருந்தது. அந்தக் கட்டு 2000-இல்தான் அவிழ்ந்தது. அதற்கு வெகு முன்பே, அந்நூலைப் படித்து மினிக்ஸைத் தன் கணினியில் ஏற்றியிருந்த ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ், 1991-இல் லினக்ஸின் முதல் வடிவை வெளியிட்டுவிட்டார். 1992-இல் அதற்கு அவர் கைக்கொண்ட ஜிபிஎல் உரிமம், ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்தது. நிரலை ஓட்டவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் யாவருக்கும் உரிமை உண்டென்பது அதன் சாரம். அவ்வாண்டின் தொடக்கத்தில், லினக்ஸின் அமைப்பே காலங்கடந்தது என்று டானன்பாம் கண்டிக்க, மாணவர் கூச்சமின்றி மறுத்துரைத்தார். இருவர் நிரலையும் திறந்து பார்த்து யார் கட்சி பொருந்துகிறது என்று சபையோர் தாமே தீர்மானிக்க முடிந்தது இந்த வாதத்தின் விசேஷம்.

லினக்ஸ் இன்று பல கோடி கணினிகளிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இயங்குகிறது. அதன் மூலம் கோடிக்கணக்கான வரிகளாகப் பெருகிவிட்டது. திறந்து கிடப்பதும் படிக்கத் தகுந்த அளவில் இருப்பதும் வெவ்வேறு என்பதை இங்கே உணரவேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி ஆசிரியர்கள் இதை உணர்ந்து, முதலில் லயன்ஸின் பழைய புத்தகத்தையே பாடமாக வைத்துப் பார்த்தார்கள். ஆனால் வழக்கொழிந்த பிடிபி-11 பொறிமொழியையும் பழைய சி மொழியையும் இதற்கென்றே கற்பது மாணவர்களுக்குப் பாரமாயிற்று. ஆகவே 2006-இல், ஆறாம் பதிப்பின் அமைப்பைத் தழுவி, இக்காலச் செயலிகளுக்கென எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தை எழுதினார்கள். அதுவும் பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்குகிறது. லயன்ஸ் செய்தபடியே வரி எண்களோடு அச்சிட்டு, உரைநூல் ஒன்றையும் அதற்குத் துணையாக்கினார்கள். பின்னர், செயலியின் கட்டளைத் தொகுதியே திறந்த ஏற்பாடாக அமைந்த ரிஸ்க்-ஐந்து வகைக்கு அதை மாற்றினார்கள். அந்தத் திறந்த கட்டளைத் தொகுதியை ஆதாரமாகக் கொண்டே சென்னை ஐஐடியில் சக்தி என்னும் செயலிகள் வடிவமைக்கப்பட்டன. அவற்றின் வடிவமைப்பு நிரலும் பகிரங்கமாக இருக்கிறது. ஆகையால் இங்குள்ள மாணாக்கன் விரும்பினால், கெர்னலிலிருந்து செயலியின் உட்பகுதி வரையில் ஓரிடத்திலும் தடைப்படாமல் இறங்கிச் சென்று பார்க்கலாம்.

விரும்பினால் என்று சொல்ல நேர்வதுதான் குறை. தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிப் பாடநூல்களில் முன்பு ஸ்டார் ஆபீஸ் இருந்தது. பிறகு ஓப்பன் ஆபீஸ் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்னும் நிரல்மொழி வந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. இவை யாவும் நல்ல காரியங்களே. எனினும் ஒரு பொத்தான் இருந்த இடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளை, வேறொரு பொத்தான் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்வதனால் கல்வியில் நேர்ந்த மாற்றம் சொற்பமே. வாயில் திறந்திருக்கிறது, உள்ளே போகும்படி பாடத்திட்டம் யாரையும் அழைப்பதில்லை.

எப்படி அழைக்கலாம் என்பதற்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். குமிழி வரிசையாக்கம், தேர்ந்தெடுப்பு வரிசையாக்கம், செருகும் வரிசையாக்கம் என்று மூன்று முறைகள் அதில் கற்பிக்கப்படுகின்றன. பெரிய பட்டியல்களுக்கு இவை மந்தமானவை என்று ஆசிரியரும் சொல்லிவிடுகிறார். பிறகு இவற்றை எதற்குப் படிப்பது என்று பிள்ளைகள் நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் பைத்தானின் சொந்த வரிசையாக்கத்தை, 2002-இல் டிம் பீட்டர்ஸ் இயற்றியதை, மூலத்தில் திறந்து பார்த்தால் வேறு காட்சி தெரியும். அது பட்டியலில் ஏற்கெனவே ஒழுங்காக அமைந்திருக்கும் தொடர்களை முதலில் தேடுகிறது. இறங்குவரிசைத் தொடர் அகப்பட்டால் அப்படியே திருப்பிப் போடுகிறது. தொடர் மிகக் குறுகியதாக இருந்தால், செருகும் வரிசையாக்கத்தைக் கொண்டு அதை ஓரளவு நீளத்துக்கு வளர்த்துக்கொள்கிறது. அதன் பின்னரே தொடர்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. சிறிய பட்டியலுக்கு அந்த எளிய முறையே மேல் என்பதால், வகுப்பில் மந்தமென்று ஒதுக்கப்பட்டது, உலகமெங்கும் ஓடும் நிரலின் வயிற்றுக்குள் இன்றும் ஊழியம் செய்கிறது. இயற்றியவர் தம் தீர்மானங்களுக்கான காரணங்களை விரிவாக எழுதி, மூலத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறார்.

இதே முறையை ஜாவாவும் ஆண்ட்ராய்டும் பிற்பாடு எடுத்துக்கொண்டன. 2015-இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர், இது ஒருபோதும் தவறாது என்று கணித முறையில் நிரூபிக்க முற்பட்டபோது, நிரூபணம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. இணைப்பதற்காகக் காத்திருக்கும் தொடர்களின் நீளங்களுக்குள் எப்போதும் ஒரு விகிதம் காக்கப்படுகிறது என்ற நம்பிக்கையின்மேல் நிரல் எழுதப்பட்டிருந்தது. அத்தொடர்கள் நிற்கும் அடுக்கின் மேல்நுனியை மட்டும் சோதித்தமையால், ஆழத்தில் அந்த விகிதம் குலையக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். அவர்கள் தயாரித்த மிகப் பெரிய பட்டியல் ஒன்றைக் கொடுத்ததும் ஜாவாவின் நிரல் முறிந்து நின்றது. பைத்தானில் அது முறிவதற்கு எந்தக் கணினியின் நினைவகத்திலும் அடங்காத பட்டியல் வேண்டியிருந்தும், அங்கும் திருத்திவிட்டார்கள். பல ஆண்டுகள் எண்ணற்ற பேர் நம்பி உபயோகித்த நிரலின் குறையை, அதை இயற்றாத, அந்த ஸ்தாபனங்களில் ஊழியம் பாராத வெளியார் கண்டுபிடித்தது, மூலம் அவர்கள் கைக்கு எட்டியதால் அல்லவா?

மூலத்தை வகுப்பில் வாசிப்பதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களில், மாணவர்கள் பார்த்து எழுதிவிடுவார்கள் என்பது பலமற்றது. உத்தியோகத்தில் அவர்கள் நாளில் பெரும்பகுதி பிறர் எழுதியதைப் படித்துத் திருத்துவதிலேயே கழியப்போகிறது. ஆசிரியர்களுக்கே இவ்வாறு வாசித்துப் பழக்கமில்லை என்பது பலமான ஆட்சேபம். லயன்ஸ் செய்தது எளிய காரியமன்று. மூலத்தைத் தாம் முழுதும் வாசித்த பிறகே அவர் வகுப்புக்குள் நுழைந்தார். ஒரு மாணாக்கர் கூட்டத்தோடு பருவம் முழுதும் மூலத்தை வாசிக்க ஆசிரியருக்கு ஓய்வும் ஊக்கமும் தரும் கல்லூரிகள் சிலவே. பரீட்சை முறையும் ஒத்துழைப்பதில்லை. செருகும் வரிசையாக்கத்தை விவரி என்று கேட்கும்வரையில், விவரிக்கக்கூடிய நான்கு பத்திகளையே பிள்ளைகள் உருப்போடுவார்கள். அதற்குப் பதிலாக, பைத்தானின் வரிசையாக்க மூலத்திலிருந்து தொடரின் குறைந்தபட்ச நீளத்தைக் கணக்கிடும் சில வரிகளை வினாத்தாளிலேயே அச்சிட்டு, 64-க்குக் குறைந்த உறுப்புகளுள்ள பட்டியலில் இணைக்கும் வேலை நடக்குமா, நடக்காதா, ஏன் என்று கேட்கலாம். நடக்காது, முழுப் பட்டியலும் செருகும் முறையிலேயே ஒழுங்காகிவிடும். உருப்போட்டு இதற்கு விடையெழுத முடியாது. பாடத்திட்டத்தைத் திருத்தாமல், கணினி ஒன்றும் புதிதாக வாங்காமல், வருகிற பருவத்துப் பரீட்சையிலேயே இதைக் கேட்கலாம்.