கடன் கொடுத்தவனுக்கு அபராதம்

பாங்கியில் பணம் போடுகிறவனை நாம் வாடிக்கைக்காரன் என்று அழைக்கிறோம். சட்டம் அவனை வேறு பெயரால் அழைக்கிறது. 1848ம் வருஷத்தில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஃபோலி - ஹில் வழக்கில் செய்த தீர்மானப்படி, பாங்கியில் போட்ட பணம் பாங்கியின் பணமாகி விடுகிறது. போட்டவன் கடன் கொடுத்தவன், பாங்கி கடன்பட்டது. நமது கோர்ட்டுகளும் இந்தத் தத்துவத்தை அனுசரித்து வந்திருக்கின்றன. இதை மனத்திற் கொண்டு, ஸேவிங்ஸ் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடிக்கும் கட்டணத்தை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் பார்த்து, "நீ எனக்குத் தந்த கடன் போதாது, ஆகையால் அபராதம் எடு" என்கிறான். வசூல் செய்கிறவனும் அவனே. தன் கையிலுள்ள கடன் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்கிறான். சௌகார்பேட்டையில்கூட இத்தகைய லேவாதேவியை யாரும் கேட்டிரார்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள துறைமுக, ஆலைப் பிரதேசத்தில் இந்த வழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இங்குள்ள தொழிலாளரில் மிகப் பலர் காண்டிராக்டரிடம் கூலி வாங்குகிறவர்கள். காண்டிராக்டர் குறிப்பிட்ட பாங்கியில் சம்பளக் கணக்குத் திறக்கப்படுகிறது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு என்ற நிபந்தனை கிடையாது. காண்டிராக்டர் மாறினால், புதியவர் வேறு பாங்கியைக் காட்டுகிறார். பழைய கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால், அது சாதாரண ஸேவிங்ஸ் கணக்காக மாறிவிடுகிறது. எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் என்ன அபராதம் என்பதெல்லாம் அன்று முதல் பிறந்துவிடுகின்றன. தொழிலாளியோ கைப்பேசியில் வந்த ஆங்கிலச் செய்தியைப் படியாமல் வேலைக்குப் போயிருப்பான்.

"மாத சராசரி இருப்பு" என்பது மற்றொரு விசித்திரம். ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பது அதன் கணக்கு. நிபந்தனை 10,000 ரூபாய் என்று கொள்வோம். ஒருவனுக்கு 15,000 ரூபாய் கூலி வருகிறது. இரண்டு நாள் இருக்கிறது. வீட்டு வாடகை, மளிகை, சீட்டு எல்லாம் போக, மீதி 28 நாள் 500 ரூபாய் நிற்கிறது. அவனுடைய சராசரி 1,500 ரூபாய்கூட ஆவதில்லை. மற்றொருவர் ஒரே ஒரு நாள் 3 லட்சம் ரூபாயை வைத்துவிட்டு மறுநாள் முழுவதையும் எடுத்து விடுகிறார். 29 நாள் கணக்கு வெறுமையாகக் கிடக்கிறது. அவருக்குச் சராசரி 10,000, அபராதம் இல்லை! குறைவில் நூற்றுக்கு 6, உச்ச வரம்பு 500 ரூபாய் என்ற விகிதத்தில் வைத்தால், நமது தொழிலாளிக்கு 500 ரூபாயும், அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி 90 ரூபாயும் விழுகின்றன. மீதமிருந்த 500 ரூபாயும் போயிற்று. அபராதத்தின் காரணமாக மட்டும் ஸேவிங்ஸ் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று ரிஸர்வ் பாங்கி 2014 நவம்பரில் உத்தரவிட்டு, 2015 ஏப்ரல் முதல் அமுலுக்குக் கொண்டு வந்தது. அதனால் ஏழைக்குக் கிடைத்த அநுகூலம், அவன் கணக்கு பூஜ்யத்தோடு நிற்பது. பாக்கியை அடுத்த வரவில் பிடித்துக்கொள்ளும் பாங்கிகளும் உண்டு.

காசிமேட்டில் நிலைமை இன்னும் தெளிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்நாட்களில் மீனவர் கணக்கில் இருப்பு குறையும் என்பதைக் கண்டுபிடிக்கக் கணித சாஸ்திரம் வேண்டியதில்லை. வருமானமற்ற மாதத்தில்தான் அபராதம் ஏறுகிறது.

2023 செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டு ஸர்க்கார் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தினார்கள். சில நாட்களுக்குள்ளேயே, குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் என்று சில பாங்கிகள் அதிலும் கை வைத்ததாகப் புகார்கள் எழுந்தன. அப்போது நிதி மந்திரியாக இருந்த ஸ்ரீ தங்கம் தென்னரசு, அப்படிப் பிடிக்கலாகாது என்று பாங்கிகளை எச்சரிக்க நேர்ந்தது. ஒரு மந்திரி தலையிட்டுத்தான் 1,000 ரூபாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது!

இது சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் தொகையைப் பார்க்கட்டும். ஸ்டேட் பாங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை இந்த வகையில் வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அவ்வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை அதற்குக் கிடைத்த லாபத்தைவிட அதிகம். கண்டனம் வலுத்தது; 2020 மார்ச்சில் அந்தப் பாங்கி கட்டணத்தை அறவே நீக்கியது. ஆயினும் 2024 மார்ச் வரையுள்ள ஐந்து வருஷங்களில் பொதுத்துறைப் பாங்கிகள் இவ்வாறு எடுத்தது சுமார் 8,500 கோடி என்று பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டது.

2025 ஜூலை 7-ந் தேதி இந்தியன் பாங்கியும் இக்கட்டணத்தை ஒழித்தது. இதைச் சென்னைவாசிகள் தனியாகக் குறித்துக்கொள்வது பொருந்தும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, பணம் போட்டவர்கள் கதறியபோது, அவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முன்னின்று 1907ல் ஏற்படுத்திய ஸ்தாபனம் அது. பணம் போட்டவர்களின் கண்ணீரில் பிறந்த பாங்கி அவர்களிடமே இத்தனை வருஷம் அபராதம் வாங்கியது தான் ஆச்சரியம்.

தனியார் பாங்கிகள் பலவற்றின் போக்கு வேறு. 2025 ஆகஸ்டில் ஐ.ஸி.ஐ.ஸி.ஐ. பாங்கி நகரங்களில் புதுக் கணக்குகளுக்கு 50,000 ரூபாய் சராசரி இருப்பு கேட்டது. எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் 15,000 ஆகக் குறைத்தது. இது அந்தந்தப் பாங்கியின் இஷ்டம் என்று ரிஸர்வ் பாங்கி கவர்னர் ஸ்ரீ சஞ்சய் மல்ஹோத்ரா அப்போது கூறினார். கணக்கு நடத்தச் செலவு உண்டு என்பது பாங்கிகளின் வாதம். உண்டுதான். ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் நியாயமான நஷ்ட ஈட்டையே அநுமதிக்கிறது. 500 ரூபாய் வைத்திருப்பவனால் பாங்கிக்கு மாதம் 500 ரூபாய் நஷ்டம் என்பதை எந்த முன்சீப் கோர்ட்டில் ருஜுப்படுத்துவார்கள்?

இருப்பு நிபந்தனை இல்லாத அடிப்படை ஸேவிங்ஸ் கணக்கு 2012 முதல் எல்லாப் பாங்கிகளிலும் உண்டு. கேட்டவருக்குத்தான் கிடைக்கிறது. சம்பளம் நின்ற கணக்கு தானாக மாறும்போது, சாதாரணக் கணக்காக அல்ல, இந்த அடிப்படைக் கணக்காகவே மாற வேண்டுமென்றும், அதற்குரிய நோட்டீஸ் தமிழில் வர வேண்டுமென்றும் ரிஸர்வ் பாங்கி உத்தரவிடலாம். அதற்குப் பார்லிமெண்டில் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; ஒரு சுற்றறிக்கை போதும்.